ஹாலைப் பார்த்த ஜன்னல்

பிடோக், சிங்கப்பூர்
4 பிப்ரவரி 2024

அன்பு மருமகள் சந்திரமதிக்கு,

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். இந்த வீட்டை என்றைக்காவது விற்கப் போனால் அறைக் கணக்கில்தான் தகராறு வரும் என்று உங்கப்பா நன்றாக நடமாடிக்கொண்டிருந்த காலத்திலேயே சொன்னேன். கீழ்வீட்டுக்காரரிடம் சொன்னேன். நான் வேலை பார்க்கிற பெயிண்ட், பலகைக் கடை முதலாளி நாகூர் கனி பாயிடம் சொன்னேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேற்று வந்துவிட்டது தகராறு.

அதற்கு முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். நீ, மாப்பிள்ளை அதீஃப், குட்டி யும்னா மூன்று பேரும் சுகம்தானே. பெர்த்தில் வெயில் அதிகம் என்று செய்தியில் சொன்னான். தண்ணீர் நிறையக் குடியுங்கள். எனக்கு முட்டிவலி ஒன்றைத் தவிர வேறு குறையில்லை. டாக்டரே என் எலும்பைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது முப்பது வயதுக்காரன் எலும்பு என்று ஆச்சரியப்பட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். வீடு விற்றுக் கொடுக்கிற பெண் சுஷ்மிதாவிடம் நான்கு படுக்கையறை என்று விளம்பரம் போடச் சொன்னேன். அவளும் போட்டாள். அதைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் வந்தது. வந்தவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "நாலுன்னு போட்டிருக்கீங்க, மூணுதானே இருக்கு" என்று சத்தம் போட்டார். அவர்கள் போன பிறகு சுஷ்மிதா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், ஃபைவ்-ரூம் வீடுன்னா த்ரீ பெட்ரூம்தான் லா. நாலாவதா நீங்க காட்டுறது டைனிங் ஏரியா. நடுவுல பலகை வச்சு அடைச்சிருக்கு."

எனக்கா பாடம் எடுக்கிறாள். நம் ஊரில் ஐந்தறை வீடு என்றால் ஹாலையும் சாப்பாட்டு இடத்தையும் சேர்த்து எண்ணுவார்கள், படுக்க மூன்றுதான் என்பது இவள் பிறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு.

"கட்டில் இருக்கு, கதவு இருக்கு, ஃபேன் இருக்கு, ஜன்னல் இருக்கு. அதுக்குப் பேர் என்ன பாப்பா?" என்றேன்.

"ஜன்னல் வெளிய பார்க்கணும் அங்கிள். இது உங்க டிவியைப் பார்க்குது."

வாய்த்துடுக்குக்காரி. ஆனால் நல்ல பெண். வீட்டுக்கு வாரிசு நீதான், நீ சொல்கிறபடி போடுகிறேன் என்கிறாள். நான்கு என்று ஒரு வரி எழுதி அனுப்பு.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். உங்கப்பா உன் பேரை எடுக்கக்கூடாது என்றிருந்த வருஷங்களில், கடை முகவரிக்கு நாம் எழுதிக்கொண்ட பழக்கம் எனக்கு விடவில்லை. போனில் எனக்குப் பேச்சு சரியாக வராது.

உன் நலம் நாடும்,
மாமா சேதுபதி


பெர்த்
17 பிப்ரவரி 2024

அன்புள்ள மாமா,

வணக்கம். மூவரும் சுகம். யும்னாவுக்கு மட்டும் கொஞ்சம் சளி. உங்கள் முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். முப்பது வயது எலும்புக்கும் அது கேட்கும் என்று நினைக்கிறேன்.

அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். மூன்று படுக்கையறைதான். ஒன்று அப்பாவுடையது. ஒன்று எப்போதும் வாடகைக்கு விட்டது. ஒன்று என்னுடையது. நான் அதீஃபைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த அடுத்த மாதமே என் அறையையும் வாடகைக்கு விட்டார் என்பதை நீங்கள்தான் எழுதினீர்கள். நீங்கள் ஹாலில். நாலாவது எங்கிருந்து வந்தது? மூன்று என்றே போடச் சொல்லுங்கள். இங்கே எங்களுக்கு வீடு இருப்பதால் அரசாங்க வீட்டு விதிப்படி அந்த வீட்டை நான் வைத்துக்கொள்ள முடியாது, இந்த வருஷத்துக்குள் விற்றாக வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். இதில் சண்டை வேண்டாம்.

விற்ற பிறகு நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று போன கடிதத்திலும் கேட்டேன். பதில் இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நவம்பரில் அப்பாவை அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கிடத்தியிருந்தபோது அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மேலே வீட்டுக்கு வரவில்லை. வாடி என்று நீங்கள் கையைப் பிடித்து இழுத்தீர்கள். அவர் கூப்பிடாத வீட்டுக்குள் எப்படிப் போவது என்று இருந்தது. இங்கே திரும்பி வந்த பிறகு அதே நினைப்பாக இருக்கிறது. கடைசி நாட்களில் என்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்டாரா, மாமா? யும்னாவைப் பற்றியாவது? கேட்கவில்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். கதை வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்திரா


பிடோக்
2 மார்ச் 2024

அன்பு மருமகளுக்கு,

தைலம் வந்தது. தடவினேன். மாடிப்படியில் ஏறிக் காட்டினேன், பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கை தட்டினாள். குட்டிக்குச் சளி விட்டதா? ஓமம் கிடைத்தால் வறுத்து முகரக் கொடு.

நான் எங்கே இருப்பேன் என்று கேட்டிருக்கிறாய். அதுதான் பெரிய தொல்லை. என்னைத் தன் வீட்டோடு வைத்துக்கொள்ள ஆளுக்கு ஆள் போட்டி. தேக்காவில் காய்கறிக்கடை வைத்திருக்கிற என் சிநேகிதன் அழுகிறான். கனி பாய் கடை மேல்மாடியையே எனக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்கிறார். யாருக்கு இல்லை என்று சொல்வது என்றுதான் யோசனை.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். கதை வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். சரி.

நாலாவது எங்கிருந்து வந்தது என்றாயே. அதுதான் உன் கேள்விக்கும் பதில். யும்னா பிறந்த படத்தை நீ கடைக்கு அனுப்பினாய். நான் அதைச் சாப்பாட்டு மேசையில் மறதியாக வைத்த மாதிரி வைத்தேன். உங்கப்பா பார்த்தார். சில நாள் கழித்து, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, "என் மக வந்தா எங்க படுப்பா, சேது?" என்றார். நான் என்ன சொல்வேன். உன் அறையில் ஆள் இருக்கிறது. ஒப்பந்தம் முடியவில்லை.

அப்புறம் ஒரு நாள் கடை முடிந்து வருகிறேன், சாப்பாட்டு இடத்தில் சுவர் நிற்கிறது. ஆள் வைத்து அடைத்திருக்கிறார். நான் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. கதவு, கட்டில், உன் உயரத்துக்கு ஒரு கண்ணாடி. ஹாலைப் பார்த்து ஒரு ஜன்னல். யாராவது வீட்டுக்குள்ளேயே பார்க்கிற மாதிரி ஜன்னல் வைப்பார்களா என்று கேட்டேன். என் அக்கா, உன் அம்மா, போன பிறகு நீ இருட்டில் தூங்கமாட்டாய், ஹால் விளக்கு தெரிகிற மாதிரி கதவைத் திறந்து வைத்துப் படுப்பாய். அதற்குத்தான்.

அந்த அறையை யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. அதுதான் நாலாவது. அதனால்தான் நாலு என்றேன்.

வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் என் அன்பு.

மாமா


பெர்த்
21 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் வந்து பல வாரம் ஆயிற்று. பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். எங்களுக்கு நோய் நொடி எதுவும் இல்லை. நீங்கள் சுகமா?

அதையெல்லாம் நினைவில் வைத்து அவர் அந்த ஜன்னலை வைத்தார் என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. நான் இருட்டுக்குப் பயப்படுவது அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. அவர் அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும்.

சுஷ்மிதாவிடம் சொல்லிவிட்டேன். நான்கு. விளம்பரத்திலும் நான்கு, வருகிறவர்களிடமும் நான்கு. அந்தச் சுவரை இடிக்கிறேன் என்கிறவருக்கு வீடு இல்லை.

உங்கள் சந்திரா


பிடோக்
5 மே 2024

அன்பு மருமகளுக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

நான் வீடு விற்கிற வேலையில் இறங்கியிருந்தால் இந்நேரம் பாதிச் சிங்கப்பூரை விற்றிருப்பேன் என்று சுஷ்மிதாவே ஒப்புக்கொண்டாள். நேற்று ஒரு நல்ல ஜோடி வந்தது. அகிலன், திவ்யதர்ஷினி என்று பேர். அந்தப் பெண்ணுக்கு இது ஏழாம் மாதம். காற்றோட்டம் பிடித்திருக்கிறது, மார்க்கெட் பக்கம் என்பது பிடித்திருக்கிறது. ஒன்றே ஒன்றுதான். அந்தச் சுவரை எடுத்துவிட்டுப் பெரிய சாப்பாட்டு மேசை போட வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் சாப்பிட வருவார்களாம்.

சுஷ்மிதா என்னைப் பார்த்தாள். நான், "இது நாலு பெட்ரூம் வீடு" என்றேன்.

"எங்களுக்கு மூணு போதும் அங்கிள்" என்றான் அந்தப் பையன்.

"போதும்ங்கிறது வேற, இருக்கிறது வேற, தம்பி."

அந்தப் பெண் சுவரைத் தட்டிப் பார்த்தாள். கதவைத் திறந்து மூடினாள். "சத்தமே இல்லாம மூடுது. யார் செஞ்சது அங்கிள்? ரொம்ப நேர்த்தியா இருக்கு" என்றாள். என் அத்தான் ஆள் வைத்துச் செய்தார் என்றேன். நீ நம்பமாட்டாய், நான் சும்மா இருந்தேன்.

சந்திரா, கோபித்துக்கொள்ளாதே. யோசித்துப் பார்த்தால் பலகைச் சுவர்தானே. அறை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான். மூன்று என்று போட்டுவிட்டு இந்தப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடலாமா? குழந்தை பிறக்கப்போகிற வீடு. வக்கீல் சொன்ன கெடுவும் இருக்கிறது.

சளிக்காலம் வருகிறது, குட்டிக்குக் கம்பளி போடு.

மாமா


பெர்த்
19 மே 2024

அன்புள்ள மாமா,

நலம். நலம்தானே?

நாலு, நாலு என்று ஊரோடு சண்டை போட்டவர் நீங்கள். இப்போது மூன்று என்கிறீர்கள். எனக்குப் புரியவில்லை.

அவர்களைக் காத்திருக்கச் சொல்லுங்கள். ஜூலையில் யும்னாவுக்குப் பள்ளி விடுமுறை. அவளை அழைத்துக்கொண்டு வருகிறேன். அப்பா எங்களுக்காகக் கட்டிய அறையில் நாங்கள் படுக்க வேண்டும். அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அதீஃப்தான் சொன்னார், போய் இருந்துவிட்டு வா என்று. மாமனார் இப்படிச் செய்தார் என்று தெரிந்ததிலிருந்து அவருக்கும் ஒரு மாதிரி இருக்கிறது.

சந்திரா


பிடோக்
2 ஜூன் 2024

அன்பு மருமகளுக்கு,

வா. நல்லபடியாக வா. நானும் இங்கே நல்லபடியாக இருக்கிறேன்.

நீ வருவாய் என்பதும் எனக்கு முன்பே தெரியும். அகிலனிடம் பேசிவிட்டேன். மரியாதையான பையன், "அவங்க வந்து பார்த்துட்டுப் போகட்டும் அங்கிள், நாங்க வெய்ட் பண்றோம்" என்றான். வாடகைக்கு இருந்தவர்கள் போன மாதமே காலி செய்துவிட்டார்கள். உன் பழைய அறையிலேயே நீங்கள் விசாலமாகப் படுக்கலாம், அந்த நாலாவதில் காற்று கம்மி.

பெரிதாக எதிர்பார்த்து வராதே. சின்ன அறை. கட்டில் போக நிற்கிற இடம்தான். குட்டிக்கு என்ன பிடிக்கும் என்று எழுது. பரோட்டா தின்பாளா?

மாமா


பெர்த்
28 ஜூலை 2024

அன்புள்ள மாமா,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். யும்னா பரோட்டாவை இன்னும் மறக்கவில்லை. நீங்கள் சுகமா? விமான நிலையத்தில் உங்கள் நடை சரியாக இல்லை. டாக்டரிடம் போங்கள்.

கிளம்புகிற அன்று எனக்கு நன்றி சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நன்றி, மாமா.

அந்த அறைக்குள் நுழைந்ததும் யும்னா ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, "அம்மா, இது வீட்டுக்குள்ளயே திறக்குது" என்று சிரித்தாள். நான் படுத்துப் பார்த்தேன். ஹால் விளக்கு சரியாக என் கால்மாட்டில் விழுந்தது. முகத்தில் விழவில்லை. யாரோ படுத்துப் பார்த்து அளந்துதான் வைத்திருக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் நான் பள்ளிப் பை மாட்டிய உயரத்தில் ஒரு கொக்கி, அதற்கும் கீழே ஒரு சின்னக் கொக்கி. இரண்டு பேருக்கும் நினைத்திருக்கிறார். விரிப்பு துவைத்த வாசனையோடு இருந்தது. அப்பா போன பிறகும் நீங்கள் மாற்றி வைத்திருக்கிறீர்கள்.

மாமா, வாழ்நாளெல்லாம் நீங்கள் எனக்கு நிறையக் கதை சொல்லியிருக்கிறீர்கள். கப்பல் கவிழ இருந்ததைத் தடுத்தது, திருடனைத் தேக்கா வரை துரத்தியது. எல்லாவற்றிலும் நடுவில் நீங்கள் இருப்பீர்கள். இந்த ஒன்றில் மட்டும் நீங்கள் இல்லை. ஒரு ஆணிகூட அடிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இது நிஜம் என்று படித்த உடனே எனக்குத் தெரிந்தது.

அகிலனுக்கே கொடுத்துவிடுங்கள். சுவரை எடுத்துக்கொள்ளட்டும். நான் படுத்தாயிற்று.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நாங்கள் இருந்த வாரம் முழுக்க, சோபாவுக்குப் பின்னால் உங்கள் மடக்குக் கட்டில் இருந்ததைப் பார்த்தேன். இத்தனை வருஷம் ஒரு அறை காலியாக இருந்தும் நீங்கள் ஏன் ஹாலிலேயே படுத்தீர்கள்?

சந்திரா


ஜாலான் புசார்
1 செப்டம்பர் 2024

அன்பு மருமகளுக்கு,

முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். வீடு கைமாறிவிட்டது. சாவியைக் கொடுத்த அன்று திவ்யதர்ஷினி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பெண் குழந்தை. என்னைப் பார்த்துத்தான் முதலில் சிரித்தது என்று அவளே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னார்கள். பார்க்கலாம் என்றேன், எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நேரம் இருப்பதில்லை.

கனி பாய் பிடிவாதமாகக் கடை மேல்மாடிக்கே கொண்டுவந்துவிட்டார். ராஜ போகம். நாலு பக்கமும் வண்ணம்தான், கூரை வரைக்கும். எந்த நிறம் வேண்டுமோ கையை நீட்டினால் எடுக்கலாம். வாசனை முதலில் கொஞ்சம் தலையைச் சுற்றும், பழகிவிட்டது. தெருச் சத்தம் துணைக்கு இருக்கிறது.

ஹாலில் ஏன் படுத்தேன் என்று கேட்டாய். அந்த அறையில் ஃபேன் காற்று எனக்குப் போதாது. அவ்வளவுதான்.

நேற்று மாப்பிள்ளை கடைக்குப் போன் செய்தார். "மாமா, அவ சரியாச் சாப்பிடறதில்லை. வேலைக்கும் போறதில்லை. கேட்டா எங்கப்பா எனக்காகக் காத்திருந்தார், நான் போகலைங்கிறா" என்றார். என்ன இது? ஊருக்கு வந்து போனபோது நன்றாகத்தானே இருந்தாய். நன்றி என்று எழுதியிருந்தாயே. எதையும் மனத்தில் போட்டுக்கொள்ளாதே. சூடாக ஏதாவது குடி. உடனே பதில் எழுது.

மாமா


பெர்த்
6 அக்டோபர் 2024

அன்புள்ள மாமா,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு யும்னாவின் கட்டிலுக்கு விரிப்பு மாற்றும்போது தோன்றியது. அவரும் இப்படித்தானே மாற்றியிருப்பார். அழுக்காகாத விரிப்பை எடுத்துத் துவைத்து, மடித்து, திரும்ப விரித்து. வருஷக்கணக்காக. இன்றைக்கு வருவாள் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்திருப்பார். நான் இங்கே, அவர் முதலில் கூப்பிடட்டும் என்று வீம்பாக இருந்தேன். அவர் அறையே கட்டிக் கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை.

அவர் என்னை வெறுத்தார் என்று நினைத்த வருஷங்களில் எனக்குத் தூக்கம் வந்தது, மாமா. காத்திருந்தார் என்று தெரிந்த பிறகு வரவில்லை. ஒரு கிழவரைக் காக்க வைத்துக் கொன்றவள் நான். வேறு எப்படிச் சொல்ல?

அதீஃபிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் பயந்து போயிருக்கிறார்.

சந்திரா


ஜாலான் புசார்
20 அக்டோபர் 2024

சந்திரா,

உடம்பு எப்படி என்று கேட்கப் போவதில்லை. மாப்பிள்ளை சொல்லிவிட்டார். என் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் முன்பே சொன்னேன், முன்பே சொன்னேன் என்று எழுதுகிறவன் நான். இது மட்டும் எனக்கு முன்பே தெரியவில்லை. ஆறுதலாக இருக்கும் என்று எழுதியது உன்னை இப்படிப் படுக்க வைக்கும் என்று.

நான் சொல்வதைக் கடைசி வரைக்கும் படி. நடுவில் எழுந்து போகாதே.

குட்டி பிறந்த படம் கடைக்கு வந்தது நிஜம். அதை மேசையில் வைத்ததும் நிஜம். உங்கப்பா பார்த்தார். தட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய்ச் சாப்பிட்டார். படத்தை நான்தான் எடுத்து வைத்தேன்.

கனி பாய் கடையில் அளவுக்கு வெட்டியது போக மிஞ்சுகிற பலகைகள் பின்பக்கம் கிடக்கும். கேட்டேன், எடுத்துக்கோ சேது என்றார். உங்கப்பாவிடம், "அத்தான், ஹால்ல படுக்கக் கூச்சமா இருக்கு, எனக்கு ஒரு மறைப்பு கட்டிக்கிறேன்" என்றேன். "கட்டிக்க. சுவத்துல ஓட்டை போடாம கட்டு" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டினேன். எனக்குத் தச்சுவேலை தெரியாது. ஊரெல்லாம் தெரியும் என்று சொல்லிவைத்திருந்தேன், தெரியாது. கடைக்கு வருகிற மேஸ்திரி ஒருவரிடம் கேட்டுக் கேட்டுச் செய்தேன். கதவை நாலைந்து தடவை கழற்றி மாட்டினேன். ஜன்னலை வைப்பதற்கு முன் கட்டிலில் படுத்துப் பார்த்தேன், வெளிச்சம் எங்கே விழுகிறது என்று. அந்த அறையில் நான் படுத்தது அந்த ஒரு தடவைதான். சின்னப் பிள்ளையில் நீ கதவைத் திறந்து வைத்துப் படுப்பாய் அல்லவா, அந்த ஹால் விளக்கின் கீழே படுத்திருந்தவன் நான். விளக்கை அணைத்தால் உள்ளேயிருந்து நீ, "மாமா" என்பாய். அது உங்கப்பாவுக்குத் தெரியாது. அவர் கதவு சாத்தியிருக்கும். நீயே எழுதியிருந்தாய்.

விரிப்பை மாற்றியது நான். மாற்றும்போதெல்லாம் அழுதுகொண்டிருந்தேன் என்று நினைக்காதே. கடைக்குப் போகிற அவசரத்தில் உதறிப் போட்டுவிட்டுப் போவேன்.

அவர் உன்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு உனக்குக் கேட்காமல் போகவில்லை. கிழவரை யாரும் காக்க வைக்கவில்லை. அவர் பேப்பர் படித்தார், மார்க்கெட்டுக்குப் போனார், நெஞ்சு வலித்தது, போய்விட்டார். காத்திருந்தவன் ஒருத்தன் இருந்தான். அவன் ஏமாறவில்லை. ஜூலையில் நீ வந்தாய். குட்டியோடு அந்தக் கட்டிலில் படுத்தாய். ஹாலில் நான் விளக்கை அணைக்காமல் படுத்திருந்தேன். கட்டினவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

சுவரை எடுத்த அன்று போயிருந்தேன். அகிலன் கூப்பிட்டான். ஆள்கள் பக்குவமாகக் கழற்றினார்கள். அந்த ஜன்னலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இங்கே பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

உங்கப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு. எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன். அறையைக் கட்டி முடித்துப் பல மாதம் கழித்து, ஒரு நாள் சோபாவில் இருந்தவர் என் மடக்குக் கட்டிலைப் பார்த்தார், அந்த ஜன்னலைப் பார்த்தார். "உனக்குன்னு கட்டினே. ஏன் இன்னும் இங்கயே படுக்கிறே?" என்றார். ஃபேன் காற்று போதவில்லை அத்தான் என்றேன். உம் என்றார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அந்த அறையை வாடகைக்கு விடு என்றும் சொல்லவில்லை. அவர் மனத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத எனக்கு நன்றாக வரும். எழுதமாட்டேன்.

சாப்பிடு. வேலைக்குப் போ. மாப்பிள்ளையை இனியும் பயமுறுத்தாதே.

அந்தப் பெண் சுஷ்மிதா சொன்னதுதான் சரி. மூன்றுதான். "என் மக வந்தா எங்க படுப்பா, சேது" என்று அவர் கேட்டதாக எழுதினேன் அல்லவா, அதை அவர் கேட்கவில்லை. அது நானாக எழுதியது.

மாமா